விரல்காரன் பாகம் இரண்டு

இசக்கிதுரைக்குத் தன் மெஷின்மேல் பாதிக் கண்தான். மீதிப் பாதி எதிரே தகட்டை அழுத்தி வளைக்கிற நாலாம் நம்பர் பிரஸ்ஸின் உச்சியிலேயே கிடந்தது. அங்கே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. பிரஸ் ஒழுங்காக இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் அது அணைந்திருக்கும். கிளட்ச் முரண்டு பிடித்தால் மினுங்கும். மினுங்கினால், யாரும் பட்டனை அழுத்தாமலே பிரஸ் தானாக இன்னொரு தடவை இறங்கப்போகிறது என்று அர்த்தம். விளக்கு ரொம்ப உயரத்தில் மெஷினோடு ஒட்டி இருந்ததால் கீழே நின்று வேலை செய்கிறவருக்கு அது தெரியாது. எதிர் மெஷின்காரர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். நாலாம் நம்பரில் கீழே நின்றவள் சுகப்பிரியா, அவன் பெண்டாட்டி.

உள்ளே கை இருந்தால் பிரஸ்ஸைத் தானாக நிறுத்துவதற்குச் சென்சார் ஒன்று வைத்திருந்தார்கள். நாலாம் நம்பரில் அது கெட்டு மூன்று வாரமாயிற்று. புதுசு வரவேண்டும், வந்தபாடில்லை. மெஷின் ஓடவேண்டுமே என்று ஒரு துண்டு ஒயரை மாட்டி, சென்சார் நன்றாக இருப்பதுபோல மெஷினை நம்பவைத்திருந்தார்கள். சுகப்பிரியா கார் கதவுக்கான தகட்டை உள்ளே வைப்பாள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்துவாள். பிரஸ் இறங்கி ஏறும். கையை விட்டுத் தகட்டை எடுப்பாள். ஒரு மணி நேரத்துக்கு இருநூற்றுப் பத்து தடவை அந்தக் கை உள்ளே போய் வந்தது. இசக்கிதுரை ஒவ்வொரு தடவையும் விளக்கைப் பார்த்தான்.

விளக்கு மினுங்கியது. இசக்கிதுரை வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டினான். சுகப்பிரியா அதைப் பார்த்த கணமே கையை உருவிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். சிவப்புப் பட்டனைக் குத்தினாள். லைன் மொத்தமும் நின்றது.

சூப்பர்வைசர் ஜெபகுமார் ஓடிவந்தார். அவர் மண்ணூர்க்காரர், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவருக்கும் மேலே நாலு பேர் இருந்தார்கள்.

"இன்னாம்மா, மறுபடியுமா? காலைலருந்து இது நாலாவது வாட்டி."

"லைட்டு மினுங்குச்சு சார்," என்றான் இசக்கிதுரை. "தன்னால விழப்போவுது. மெயின்டனன்ஸ் ஆளக் கூப்பிடுங்க."

"கூப்ட்டு, அவன் வந்து, பாத்து, எழுதி, இருவது நிமிஷம் பூடும். எல்லாம் உன்னாலதான்யா. படம் நடிச்ச பாரு, அத்த சொல்லணும்." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஷிப்ட் முடிஞ்சதும் எச்.ஆர். ரூமுக்குப் போ. பாண்டுரங்கன் சார் கூப்ட்றாரு."

கான்ட்ராக்டில் நாலு வருஷம் ஓட்டியவனை எச்.ஆர். கூப்பிட்டால் நல்லதுக்கா இருக்கும்?

படம் என்று அவர் சொன்னது பன்னிரண்டு நிமிஷப் படம். போன வருஷம் சேஃப்டி வாரத்துக்குக் கம்பெனியிலேயே செல்போனில் எடுத்தது. எழுதியவர் அறிவுமதி என்ற சேஃப்டி ஆபீசர். அதில் இசக்கிதுரைதான் வில்லன். ஆறடி உயரம், ஒட்டிய கன்னம், கொஞ்சம் வெளியே தள்ளிய முழி என்பதற்காகவே அவனைப் பிடித்துப் போட்டார்கள். பெயர் விரல்காரன். வசனமே கிடையாது. கறுப்பு மழைக்கோட்டும் இடுப்பில் வெட்டுப்பட்ட விரல்களைப் போட ஒரு சாக்குப் பையுமாக, சென்சாரை ஏமாற்றிவிட்டு வேலை செய்கிறவர்கள் பின்னால் வந்து நிற்பான். ஒன்றும் செய்யமாட்டான். இரண்டு விரலை மடக்கிக் கையை மட்டும் உயர்த்துவான். திரை இருட்டாகும். பிரஸ் விழுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

கேன்டீன் டி.வி.யில் அதைப் போட்ட அன்று முந்நூறு பேர் சாப்பாட்டில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கேன்டீனில் பரிமாறும் கிளியம்மாள் ஒரு மாசம் அவன் முகத்தைப் பார்க்காமல்தான் குழம்பு ஊற்றினாள். மூன்றாம் நம்பரில் நிற்கும் சேரப்பணஞ்சேரி மாரி, "மாமே, உன்ன பாத்தா சோறு எறங்கல, அந்தாண்ட போய் குந்து," என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். மெஷின் ஹால் சத்தத்தில், காதில் அடைப்பானோடு, கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. முன்பெல்லாம் விளக்கு மினுங்கினால் எதிர் ஆள் கையை ஆட்டுவார், பாதிப் பேர் கவனிக்கமாட்டார்கள். படம் வந்த பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் விரல்காரனின் கையைக் காட்ட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்தால் உடம்பு தானாகப் பின்னால் நகர்ந்தது. ஒரு வருஷமாக அந்த ஹாலில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. அறிவுமதி இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை.

ஷிப்ட் முடிந்து எச்.ஆர். அறைக்குப் போனதும் பாண்டுரங்கன் எழுந்து நின்று கை கொடுத்தார். அதுவே இசக்கிதுரைக்குப் பயமாக இருந்தது.

"உக்காருங்க இசக்கி. போன வருஷம் நீங்க பண்ணது டாப். ஒரே ஒரு ப்ராப்ளம், ரொம்ப டாப். ஜனங்க பயந்துட்டாங்க. பயந்தா லைன் நிக்குது. இந்த வருஷம் பார்ட் டூ எடுக்கறோம்."

"சரி சார்."

"இதுல விரல்காரன் காமெடி. சினிமாவுல பாத்திருப்பீங்களே. மொத பார்ட்ல வில்லன் வந்தாலே தியேட்டர்ல குழந்தை அழும். ரெண்டாவது பார்ட்ல அதே ஆளு நாய்க்குப் பயந்து மரத்து மேல ஏறுவான். மூணாவதுல ஹீரோவோட சேந்து டான்ஸ் ஆடுவான். ஏன் சொல்லுங்க? ஒரே ஆளுக்கு ஜனங்க ரெண்டாவது தடவ பயப்பட மாட்டாங்க. சிரிக்க வச்சாதான் ஓடும்."

"இங்க இன்னும் பயப்படத்தான செய்யுதாங்க சார்."

"அதைத்தான் மாத்தணும்ங்கறேன்."

இசக்கிதுரை தொப்பியை மடியில் வைத்து உருட்டினான். "நாலாம் நம்பர் சென்சார் வந்துட்டுன்னா லைன் நிக்காது சார்."

"ஆர்டர் போட்டாச்சு, வரும்." பாண்டுரங்கன் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "பர்மனன்ட் லிஸ்ட். ஒன்பது பேர். உங்க பேர நான்தான் எழுதினேன், ஆறாவது. உங்க வைஃபோட ரினியூவலும் இதே மாசந்தான். இன்னும் பென்சில்லதான் இருக்கு, மேல அனுப்பல."

தாளில் எல்லாப் பெயர்களும் பென்சிலில்தான் இருந்தன. இசக்கிதுரை தன் பெயரை இரண்டு தடவை படித்தான்.

மண்ணூரில் வரிசையாகக் கட்டிவிட்ட எட்டு அறைகளில் அவர்களுடையது ஐந்தாவது. சுகப்பிரியா சாத்தான்குளத்துப் பக்கம் பி.காம். முடித்தவள். கணக்கு எழுதுகிற வேலை கிடைக்கும் என்று நம்பி வந்து பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். வாசல் கம்பியில் யூனிஃபார்மைக் காயப்போட்டுக்கொண்டே அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"செய்யுங்க. இதுக்கு என்ன மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"சிரிச்சிட்டாங்கன்னா அப்புறம் எவனும் அந்தக் கைக்கு நிக்கமாட்டான் சுகா. என் கையத்தான் நீயும் பாக்க."

"படத்துல நீங்க பல்ல இளிச்சா, லைட்டு மினுங்குனது இல்லன்னு ஆயிருமா? நான் கைய எடுத்துருவேன். எனக்குத் தெரியாதா?" அவள் சட்டையை உதறினாள். "நாலு வருசம் கழிச்சு ஒரு பேரு எழுதிருக்காவ. அத நீங்களே போய் அழிச்சிட்டு வராதீய."

அவள் சொன்னதில் தப்புச் சொல்ல அவனால் முடியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. மொக்கையாக நடித்துவிடுவது. சிரிப்பே வராதபடி கட்டைபோல நடித்துவிட்டால், படமும் எடுத்ததாகும், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனான்.

பக்கத்து ஊரான படப்பையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள். மெஷின்கள் ஓயாமல் இரைகிற அந்த ஹாலில் அன்று மனிதக் குரல் கேட்டது. கதை சின்னதுதான். விரல்காரன் வருவான், வழுக்கி விழுவான், கேன்டீன் அம்மாவிடம் கரண்டியால் அடிவாங்குவான், கடைசியில் சுகப்பிரியா உட்பட எல்லோரோடும் சேர்ந்து ஆடுவான். முதல் மூன்று ஷாட் அவன் நினைத்தபடியே மரக்கட்டையாகப் போயிற்று. கேமராக்காரர் பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கன் வாட்சைப் பார்த்தார்.

நாலாவது ஷாட்டில் நிஜமாகவே எண்ணெயில் கால் வைத்துவிட்டான். மழைக்கோட்டோடு மல்லாக்க விழுந்தான். கரண்டியோடு காத்திருந்த கிளியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தகட்டு அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மாரி தொடையைத் தட்டினான். ஜெபகுமார்கூடச் சிரித்தார். நாலு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் அவனைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை. இசக்கிதுரைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் அவனாலேயே அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

கை உயர்த்துகிற காட்சி வந்தது. யாரும் சொல்லாமல் அவனே ஒன்றைச் செய்தான். இரண்டு விரலை மடக்கினான், ஒன்று தானாக நிமிர்ந்துகொண்டது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினான், மற்றது நிமிர்ந்தது. இரண்டையும் கஷ்டப்பட்டு மடக்கிக் கொண்டுபோய்த் தன் அக்குளில் வைத்துத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு குதித்தான். கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் ஷாட் ஆடிப்போய் மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று. மறுபடியும் அவன் அதைவிட நன்றாகச் செய்தான்.

சேஃப்டி வாரத்தில் கேன்டீன் அதிர்ந்தது. அக்குள் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார்கள். சுகப்பிரியா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரை ஏறிக் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கிளியம்மாள் அவன் தட்டில் கேட்காமலே இரண்டு அப்பளம் வைத்தாள். மறுநாள் ஹால் வாசலில் இளித்த முகத்தோடு அவனுடைய ஆளுயரப் படம் ஒன்றை நிறுத்தினார்கள்.

பிறகு பஸ்ஸில் ஏறினால் அந்தக் கை, டீ வாங்க நின்றால் அந்தக் கை. லைனில் விளக்கு எதுவும் மினுங்காமலே ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை நின்ற லைன் இப்போது ஒரு தடவைகூட நிற்பதில்லை. புதன்கிழமை ஆறாம் நம்பர் விளக்கு நிஜமாகவே மினுங்கியது. மாரி கையைக் காட்டினான். ஆறாம் நம்பரில் நின்ற பெண் பதிலுக்கு அக்குளைச் சொறிந்து காட்டிவிட்டுத் தகட்டை எடுத்தாள். நல்லவேளை, ஆறாம் நம்பர் சென்சார் கெடாமல் இருந்தது, பிரஸ் விழவில்லை.

இசக்கிதுரை நேராக ஜெபகுமாரிடம் போனான். "சார், இனிமே எவனும் வெளையாட்டுக்கு அந்தக் கையக் காட்டக்கூடாதுன்னு சொல்லுங்க."

"நீதானேய்யா அக்குள்ள வச்சுக் காட்டின? நான் இன்னான்னு சொல்றது?" ஜெபகுமார் குரலைத் தணித்தார். "சென்சார நானும் கேட்டுக்கினுதான் கீறேன். கொஞ்சம் சும்மா இரு. உன் பேரு லிஸ்ட்ல கீதாமே?"

அன்று சாயங்காலம் அறையில் அவன் சுகப்பிரியாவிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னான். "இனிமே நான் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குவேன். தூக்குனா நீ ஓடிரணும். அந்தப் பழைய கைய மறந்துரு."

"சரிங்க, சரிங்க. எத்தன தடவ சொல்லுவீய."

இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கினான். அவள் பின்னால் போய்க் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஒரகடம் வருகிற வரைக்கும் பின் சீட்டுப் பையன்கள் விடவில்லை. ஒரு தடவை பண்ணுண்ணே, ஒரே தடவை என்று கெஞ்சினார்கள். இசக்கிதுரை பண்ணினான். பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டில் பெண்களோடு இருந்த சுகப்பிரியா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பத்தே முக்காலுக்கு, டீக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நாலாம் நம்பர் விளக்கு மினுங்கியது. அப்போது இசக்கிதுரையின் இடது கையில் தகடு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு வருஷமாகப் பழகிய வலது கை அவனைக் கேட்காமலே எழுந்து நின்றது. இரண்டு விரல் மடங்கின.

சுகப்பிரியா அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். போதும் போங்க என்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். சிரித்த முகத்தோடு தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டாள்.

அவள் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புது சென்சார் சனிக்கிழமை வந்தது, அன்றைக்கே மாட்டிவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை இசக்கிதுரையைக் கூப்பிட்டார்கள். பாண்டுரங்கனின் அறையில் ஜெபகுமார் சுவரோரம் நின்றிருந்தார். சென்னையிலிருந்து கம்பெனி வக்கீல் வந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண், முகத்தில் கருணை இருந்தது. இசக்கிதுரைக்கு நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டார்.

"மிஸஸ் எப்படி இருக்காங்க?"

"தூங்கிக்கிட்டே இருக்கா மேடம். முழிச்சான்னா அழுவுதா."

"கடவுள் இருக்கார்." அவர் லேப்டாப்பைத் திருப்பினார். ஹாலில் மாட்டியிருந்த கேமராவில் பதிவானது. சத்தம் இல்லை. இசக்கிதுரை வேறு பக்கம் பார்த்தான், ஆனாலும் தெரிந்தது. தகட்டோடு நிற்கிற தான், உயருகிற கை, அவள் சிரிப்பு. அதற்கு மேல் போகாமல் வக்கீல் நிறுத்தினார்.

"இந்தக் கைக்கு என்ன அர்த்தம்?"

"நிறுத்துன்னு அர்த்தம் மேடம். லைட்டு மினுங்குச்சு. மேல பாருங்க, அதுலயே தெரியும்."

"விளக்கு ஃப்ரேமுக்கு வெளிய இருக்கே. சரி, நிறுத்துன்னா ஏன் சிரிக்கிறாங்க?"

இசக்கிதுரை ஜெபகுமாரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்க கம்பெனி காமெடி மேடம்," என்றார் பாண்டுரங்கன். "இவர்தான் ஹீரோ. பாத்தாதான் உங்களுக்குப் புரியும்." எழுந்து வந்து பாகம் இரண்டைப் போட்டார்.

வக்கீல் முதலில் கடமைக்குப் பார்த்தார். மழைக்கோட்டோடு மல்லாக்க விழுந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். கிளியம்மாள் கரண்டியை ஓங்கியபோது தாங்கவில்லை. அக்குள் காட்சிக்கு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஸாரி, ஸாரி," என்றார். "நல்லா நடிச்சிருக்கீங்க. நிஜமாத்தான் சொல்றேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாண்டுரங்கன் பக்கம் திரும்பினார். "இப்ப புரியுது. டிராஃப்ட்ட அப்படியே வச்சுக்கலாம்."

பிரிண்டரிலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது. பணி நேரத்தில் கணவர் வேடிக்கையாகச் சைகை செய்ததால் கவனம் சிதறிச் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டதாகவும், இதற்குத் தங்கள் இருவரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்றும் எழுதியிருந்தது. சென்சார் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இசக்கிதுரை மேலிருந்து கீழே தேடினான். கீழே இரண்டு பெயர்கள்தான் இருந்தன, அவனுடையதும் அவளுடையதும்.

"லிஸ்ட் இன்னும் மேல போகல," என்றார் பாண்டுரங்கன். "ஆறாவது பேர் அப்படியே இருக்கு. இதை முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா நானும் அனுப்பிருவேன். ஆஸ்பத்திரி செலவு கம்பெனி பாத்துக்கும்."

"அவ எப்படி சார் கையெழுத்துப் போடுவா?"

பாண்டுரங்கன் மேசை டிராயரைத் திறந்து, ஊதா மை ஊறிய ஸ்டாம்ப் பேடு ஒன்றை எடுத்துத் தாளின் மேல் வைத்தார்.

"இடது கைக் கட்டைவிரல் போதும். நீங்களே எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துருங்க."

"அவ பி.காம். படிச்சவ சார்."

"அப்ப நல்லதாப் போச்சு. வாசிச்சுக் காட்ட வேண்டியதில்ல."

லேப்டாப்பை நிறுத்த யாருக்கும் ஞாபகமில்லை. அதில் விரல்காரன் எல்லோரோடும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். ஆடுகிறவர்களுக்கு நடுவே, முன் வரிசையில், சுகப்பிரியா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பத்து விரலும் தெரியத் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள்.